மான் வரும் தோட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது எது?

காலையில் போய்ப் பார்த்தால் கடலைச்செடி மொட்டையாக நிற்கிறது. உடனே மான் என்று முடிவுகட்டி வேலிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். எது மேய்ந்தது, எந்தப் பக்கமாக வந்தது என்று பார்க்காமல் போடும் வேலிக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதி வீண். சத்தியமங்கலம், பவானிசாகர் பக்கம் காட்டை ஒட்டி இருக்கும் தோட்டங்களில் புள்ளிமான், கடமான், காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, முயல், மயில் என எல்லாமே வரும். யானைத் தடமும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தடுப்பு வேறு.

மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழ்ப்பல்லால் பிடித்து இழுத்துத்தான் கிழிக்கும். அதனால் கடிபட்ட காம்பு நார்நாராகப் பிய்ந்து நிற்கும். முயல் கடித்த காம்பு கத்தியால் சாய்வாகச் சீவியது போல் சுத்தமாக இருக்கும், அதுவும் தரையிலிருந்து ஓர் அடிக்குள்தான். வெள்ளாடு கடித்தாலும் மான் கடித்த மாதிரியே இருக்கும் என்பதால் குளம்படியையும் பாருங்கள். புள்ளிமான் குளம்பு இரண்டு இஞ்சுக்குக் கொஞ்சம் கூடுதலாக, முன்பக்கம் கூர்ந்து பதியும். கடமானுடையது அதைவிட நன்றாகப் பெரியது. பன்றியின் குளம்பு முனை மழுங்கியிருக்கும். ஈர மண்ணில் பின்னால் இரண்டு சிறுகுளம்பும் அகலமாகப் பதிந்திருக்கும். மண்ணைக் கிளறிக் கடலையைத் தின்றிருந்தால் பன்றி. மரவள்ளிக் கிழங்கைத் தோண்டி, பக்கத்து மரத்தின் அடிப்பட்டையைக் கொறித்திருந்தால் முள்ளம்பன்றி. இளம் மாங்கன்றின் தண்டில் ஓர் அடியிலிருந்து மூன்று அடி உயரத்துக்குள் பட்டை உரிந்து தொங்கினால் அது பசியில் தின்றதல்ல, கிடாமான் கொம்பைத் தேய்த்த இடம். அதற்குத் தோட்டம் முழுக்க வேலி தேவையில்லை. கன்றைச் சுற்றி நாலடி உயரத்துக்குக் கம்பிவலைக் கூண்டு போட்டால் போதும்.

அடுத்து வேலி. புள்ளிமான் நன்றாகத் தாவும், ஆனால் தாவுவதற்கு முன் கீழே நுழைய வழி இருக்கிறதா என்றுதான் தேடும். ஆறடிக்கு வலை கட்டிவிட்டு அடியில் முக்கால் அடி சந்து விட்டால் அந்த வேலி மானுக்கு இல்லை. பெரும்பாலும் பன்றிதான் முதலில் மூக்கைக் கொடுத்து வலையைத் தூக்கும். அந்தச் சந்திலேயே மானும் முயலும் பின்னால் வரும். எட்டடிக் கல்காலை இரண்டடி புதைத்து, பத்தடிக்கு ஒன்றாக நடுங்கள். மூலைகளிலும் நூறு அடிக்கு ஒரு தரமும் முட்டுக்கால் கொடுக்காவிட்டால் ஒரு மழைக்காலத்திலேயே வலை தொய்ந்துவிடும். வலையின் அடிவிளிம்பை ஓர் அடி மண்ணுக்குள் இறக்குவது நல்லது. பாறை நிலமாக இருந்து முடியாவிட்டால் தரையை ஒட்டி ஒரு கம்பியை விறைப்பாக இழுத்து, அடிக்கு ஒரு கட்டாக வலையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். பள்ளம் (ஓடை) குறுக்கே போகும் இடத்தை மட்டும் தனியாகக் கவனியுங்கள். வெள்ளம் வந்தால் முதலில் அடி திறப்பது அங்கேதான். கடமான் வரும் தோட்டமென்றால் ஆறடி போதாது. கல்காலை அதற்கேற்ற உயரத்தில் எடுத்து, மேலே இரண்டு வரி வெறும் கம்பி இழுத்து எட்டடிக்குக் கொண்டுபோக வேண்டும்.

யானைத் தடத்தின் குறுக்கே மட்டும் இந்த வேலிக்குப் பணம் போடாதீர்கள். ஒரே இரவில் கல்காலோடு சாய்ந்துவிடும்.

பழைய மீன்வலையை வேலியாகக் கட்டுவது இப்போது பல ஊர்களில் பரவியிருக்கிறது. விலை மலிவு, ஆனால் தயவுசெய்து கட்டாதீர்கள். கிடாமானின் கொம்பு நைலானில் சிக்கினால் அது உதற உதற இறுகும், விடிவதற்குள் கழுத்து நெரிபட்டுச் செத்துக் கிடக்கும். பாம்பு, உடும்பு, ஆந்தைக்கும் அதே கதிதான். பழைய சேலையைக் கட்டுவதில் அந்த ஆபத்து இல்லை. காற்றில் ஆடுவதாலும் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாததாலும் மான் கொஞ்ச நாள் தயங்கும். பிறகு பழகிவிடும். விதைத்த முதல் இருபது நாளைக் கடத்தச் சேலை உதவும், அறுவடை வரை நம்ப முடியாது.

சோலார் வேலி போடுவதாக இருந்தால், காப்புக்காட்டு எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் புதிதாகப் போட வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். 2023இல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகள் அப்படிச் சொல்கின்றன. தரச்சான்று பெற்ற எனர்ஜைசர் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து, ஏறக்குறைய விநாடிக்கு ஒரு முறை மிகக் குறுகிய துடிப்பாக மட்டுமே மின்சாரம் அனுப்பும். ஆயிரக்கணக்கான வோல்ட் என்றாலும் அதிர்ச்சி தருமே தவிர உயிரை எடுக்காது. மோட்டார் லைனிலிருந்து நேராகக் கொக்கி போடுவது இதோடு சேர்த்தே பேசக்கூடாத விஷயம். அதில் மான், யானை மட்டுமல்ல, இரவில் தண்ணீர் பாய்ச்ச வந்த மனிதரும் சாகிறார். அது கடுமையான குற்றம்.

சோலார் வேலி ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பவர்களிடம் இரண்டு காரணம்தான் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, புல்லும் கொடியும் கம்பியைத் தொட்டு மின்சாரம் மண்ணில் இறங்கிவிடுகிறது. மின்வேலிக்கென்றே இருக்கும் வோல்ட் டெஸ்டரை வைத்துக் கடைசிக் கம்பத்தில் பாருங்கள். 4,000 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் வேலியடியைச் செதுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. இரண்டு, எர்த் சரியில்லை. ஆறடி ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ராடு மூன்றைப் பத்தடி இடைவெளியில் இறக்கி ஒன்றாக இணைக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்தால் ஷாக் அடிக்காது. ராடு அடியில் தண்ணீர் ஊற்றுங்கள். மானின் மயிர் உள்ளே கூடாக இருப்பதால் உடம்பு கம்பியில் பட்டால் அதற்கு அவ்வளவாக உறைக்காது, மூக்கோ காதோ பட வேண்டும். அதனால் கம்பியின் உயரம் முக்கியம். 10 இஞ்ச், 20 இஞ்ச், பிறகு மூன்று, நான்கு, ஐந்து அடி. கீழ் இரண்டு வரியும் பன்றிக்கு, மற்றவை மானுக்கு.

என்னைக் கேட்டால் நீண்ட காலத்துக்குக் கொங்குப் பக்கத்துக் கிளுவை முள்மரத்தை நெருக்கி வளர்க்கும் உயிர்வேலிக்கு ஈடு எதுவும் இல்லை. இலை உதிர்ந்த காலத்தில் கட்டைவிரல் கனத்தில், நாலடி நீளத்தில் போத்து (நடும் குச்சி) வெட்டி, சில நாள் நிழலில் போட்டு, மழைக்கு முன் அரையடிக்கு ஒன்றாக நெருக்கி நட வேண்டும். நன்றாக அடைய மூன்று நான்கு வருடம் ஆகும். அதுவரை பனங்கருக்கோ இலந்தை முள்ளோ வைத்து அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆடே துளிரைத் தின்று தீர்த்துவிடும். அடைந்த பிறகு வருடத்துக்கு ஒரு முறை கவாத்து செய்வதோடு சரி. அந்த வேலியில் மான் சிக்கிச் சாவதில்லை, குருவி கூடு கட்டும்.

பயிர்த் தேர்விலும் கொஞ்சம் தப்பிக்கலாம். கடலை, தட்டைப்பயறு, கொள்ளு, ராகி, மல்பெரி எல்லாம் மானுக்குப் பிடித்தவை. மஞ்சள், மிளகாய், ஆமணக்கைப் பெரும்பாலும் தொடாது. காட்டோரத்து வரப்பில் ஆமணக்கை நாலு வரிசை நெருக்கிப் போட்டு, பிடித்த பயிரை வீட்டுப் பக்கம் வையுங்கள். முட்டைக் கரைசலும் ஓரளவு கேட்கும். 10 லிட்டர் தண்ணீருக்கு ஏழெட்டு முட்டையை அடித்து, காதி சோப்புக் கரைசல் கொஞ்சம் கலந்து, துணியில் வடிகட்டி ஓரத்து வரிசைகளில் அடிக்க வேண்டும். வடிகட்டாவிட்டால் நாசில் அடைக்கும். மழை பெய்தால் மறுபடி அடித்தாக வேண்டும். நாம் இலையாகப் பறித்துச் சாப்பிடும் பயிரில் அடிக்காதீர்கள்.

வேலியைவிட நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது கிணறும் பண்ணைக்குட்டையும்தான். கோடையில் தண்ணீர் தேடி வரும் மான், நாய் துரத்தினால் சுவரில்லாத கிணற்றில் நேராக விழும். நாலடிச் சுவர் எழுப்புங்கள். முடியாதவர்கள் விளிம்பிலிருந்து ஆறடி தள்ளி முள்ளாவது அடைக்கலாம். பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டை இன்னும் மோசம். மானால் நீந்த முடியும், ஏறத்தான் முடியாது. குளம்பு வழுக்கி வழுக்கி, களைத்து மூழ்கிவிடும். கெட்டியான கயிற்றுவலை ஒன்றைப் பத்தடி அகலத்தில் கரையில் முளையடித்துக் கட்டி, குட்டையின் அடிவரை தொங்கவிடுங்கள். தண்ணீர் இறங்கினாலும் கால் பிடிக்க வேண்டும் என்பதால் பாதியோடு நிறுத்தக் கூடாது. எதிரெதிர் மூலைகளில் இரண்டு போட்டால் நல்லது. விழுந்த மான் ஓரத்தைச் சுற்றித்தான் நீந்தும். தவறி விழும் குழந்தைக்கும் அதே வலை உதவும்.

விழுந்த மானை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடுவதுதான் அடுத்த ஆபத்து. பயத்தில் ஓடி உதறிய மானுக்கு உடம்பு கொதித்து, தசை சிதைந்து, இதயம் நின்றுவிடும். நல்லபடியாக மீட்ட பிறகும் சில மணி நேரத்திலோ இரண்டொரு நாளிலோ சாவது இதனால்தான். வனச்சரக அலுவலகத்துக்கும் தீயணைப்புத் துறையின் 101க்கும் சொல்லிவிட்டு நாய்களைக் கட்டுங்கள், சத்தத்தை நிறுத்துங்கள். வெளியே எடுத்ததும் கண்ணைத் துண்டால் மூடுங்கள், பாதி படபடப்பு அதிலேயே அடங்கும். பக்கவாட்டில் சாய்க்காமல் நெஞ்சு தரையில் படும்படி, தலை நிமிர்ந்திருக்கும்படி நிழலில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். கொம்புள்ள கிடாவாக இருந்தால் நீங்கள் நெருங்கவே வேண்டாம்.

புல்லுக்குள் தனியாகச் சுருண்டு கிடக்கும் குட்டியைத் தூக்கி வராதீர்கள். தாய்தான் அதை அங்கே படுக்கவைத்துவிட்டு மேயப் போயிருக்கும். ஆள் போனதும் திரும்பி வரும்.

மாட்டுக்கும் எருமைக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் கோமாரித் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். ஒரே புல், ஒரே தண்ணீர் என்பதால் நோய் இங்கிருந்து மானுக்கும் போகும். நாயை இரவில் கட்டிவைப்பதும் ஆட்டுப்பட்டிக்கு மேற்கூரையும் கதவும் போடுவதும் இதோடு சேர்ந்தவை. மான் வரும் இடத்துக்குச் சிறுத்தையும் வரும்.

அப்படியும் பயிர் போய்விட்டால் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். தண்ணீர் பாய்ச்சுவதற்கு முன், அன்று காலையிலேயே படம் எடுங்கள்: குளம்படிக்குப் பக்கத்தில் தீப்பெட்டியை வைத்து ஒன்று, கடிபட்ட செடியை அருகில் ஒன்று, முழு வயலும் தெரியும்படி ஒன்று. சிட்டாவும் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய அடங்கலும் சேர்த்து வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள். அந்தப் பருவத்தில் என்ன பயிர் என்று அடங்கலில் ஏறியிருக்கிறதா என்று விதைத்தவுடனேயே பார்த்துக்கொள்ளுங்கள். அது ஏறாமல் இருந்தால் மனு அங்கேயே நின்றுவிடும்.