தானாகத் திரும்பும் பாயும் என் இடது கால் செருப்பும்

"ஒன்னுமே பண்ண வேண்டாம் தம்பி. சுக்கானைத் திருப்பினா போதும், பாய் அதுவே பாத்துக்கும்."

அன்று காலையிலிருந்து அண்ணன் இதை நான்காவது முறையாகச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அண்ணி புத்தகத்தில் ஒரு பக்கம் புரட்டினார். படிப்பதற்காகப் புரட்டியது மாதிரி இல்லை.

அண்ணன் என்றால் உடன்பிறந்தவர் இல்லை, முன்பு என்னோடு வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற கையோடு 40 அடியில் ஒரு கேட்டமரான் வாங்கிவிட்டார். சொல் நம்முடைய கட்டுமரத்திலிருந்து போனதுதான். ஆனால் போன பிள்ளை திரும்பி வந்தபோது அடையாளமே தெரியவில்லை. கட்டுவதற்கு மரமும் இல்லை, கட்டிய கயிறும் இல்லை. ஃபைபர் உடல் இரண்டு, எஞ்சின் இரண்டு, குளியலறை இரண்டு, நடுவில் சோபா போட்ட கூடம்.

அண்ணனின் பெருமை சோபா இல்லை, முன்பாய். 'செல்ஃப் டேக்கிங் ஜிப்' என்ற அதன் பெயரை அவர் சொல்லும்போது பேரனுக்கு மெடல் கிடைத்த குரல் வரும்.

விஷயம் இதுதான். பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிராகப் போகாது. கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் வலப்பக்கம் என்று வளைந்து வளைந்துதான் ஏறிப் போக வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் படகின் மூக்கு காற்றைக் கடந்து மறுபக்கம் போகும், அதற்குப் பெயர் டேக். சாதாரண முன்பாய்க்கு ஷீட் இரண்டு. (ஷீட் என்றால் பாய் என்று நினைத்து நான் முதல் நாளே மானத்தை வாங்கிக்கொண்டேன். பாயை இழுக்கும் கயிறுதான் ஷீட்.) டேக் செய்யும்போது ஒரு பக்கக் கயிற்றை விட்டு, மறுபக்கக் கயிற்றை வின்ச் என்ற கைப்பிடி வைத்த உருளையில் சுற்றி, தோள்பட்டை கழன்று விழும்வரை சுழற்ற வேண்டும்.

அண்ணன் பாய்க்கு ஒரே ஷீட். பாய்மரத்துக்கு முன்னால் குறுக்காக ஒரு தண்டவாளம். அதில் உள்ளங்கை அளவு ஒரு வண்டி, அதை 'கார்' என்கிறார்கள். பாயின் கீழ் மூலை அந்தக் காரோடு சேர்ந்து ஓடும். மூக்கு திரும்பியதும் காற்றே பாயைத் தள்ள, கார் கடகடவென்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். வின்ச் இல்லை, வியர்வை இல்லை. அண்ணன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

சொல்லாமல் விட்டதுதான் கொஞ்சம் இருந்தது.

காற்று இடப்பக்கமிருந்து சீராக வந்துகொண்டிருந்தது. என்னை முன்தளத்தில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். "அங்க இருந்து பாரு, அழகா போகும்." சுக்கான் சக்கரத்தை இடப்பக்கம் திருப்பினார். மூக்கு மெதுவாகத் திரும்பியது, இன்னும் மெதுவாகத் திரும்பியது, அப்புறம் நின்றுவிட்டது. ஜிப் நடுவில் கொடி மாதிரி படபடத்தது. படகு யோசித்தது. பிறகு பின்னால் நகர ஆரம்பித்தது.

இதற்கு மாலுமிகள் வைத்த பெயர் 'இன் அயர்ன்ஸ்', அதாவது விலங்கு மாட்டிய நிலை. படகு பின்னால் போகும்போது சுக்கான் தலைகீழாக வேலை செய்யும். அண்ணனுக்கு அது தெரியும். ஆனால் தெரிந்தது கைக்கு வந்து சேர்வதற்குள் மூக்கு வந்த பக்கமே சாய்ந்துவிட்டது. கிளம்பிய இடத்திலேயே நின்றோம். உண்மையில் கொஞ்சம் பின்னால்.

"வேகம் பத்தலை," என்றார்.

இரண்டாவது முறை வேகம் எடுத்துக்கொண்டு சக்கரத்தை ஒரே மூச்சில் கடைசிவரை சுழற்றினார். அப்படிச் சுழற்றினால் சுக்கான் பலகை குறுக்கே நின்று பிரேக் ஆகிவிடும். போதாததற்கு ஒரு அலை இரண்டு மூக்கிலும் ஒரே நேரத்தில் அறைந்தது. மறுபடி விலங்கு.

ஒற்றை உடல் படகாக இருந்தால் அடியில் ஈயமோ இரும்போ டன் கணக்கில் தொங்கும். அந்தக் கனமே அதை உந்திக்கொண்டு போய்க் காற்றைக் கடக்க வைத்துவிடும். கேட்டமரானுக்கு அந்தப் பாரம் கிடையாது. லேசான உடம்பு, அகலமோ அகலம், காற்று பிடித்துத் தள்ளுவதற்கு வீடு மாதிரி ஒரு கூடம். உந்துவிசை சட்டென்று வடிந்துவிடும்.

அதை நிரூபிப்பதற்கென்றே ஒரு பழைய ஒற்றை உடல் படகு எங்களைக் கடந்து போனது. தோள்பட்டை கழன்ற பெரியவர் ஒருவர் வின்ச் சுழற்றிக்கொண்டிருந்தார். கூட இருந்த சின்னப் பெண் கையசைத்தாள். அவர்கள் ஒரு டேக் முடித்துத் திரும்பி வந்தபோதும் நாங்கள் அங்கேயே இருந்தோம், மறுபடி கையசைத்தாள். மூன்றாம் முறை அசைக்கவில்லை, பெரியவரிடம் ஏதோ கேட்டாள். என்ன கேட்டிருப்பாள் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

"எஞ்சினைப் போடுங்களேன். ரெண்டு இருக்கே, சும்மாதானே கிடக்கு," என்றார் அண்ணி, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

நல்ல யோசனைதான். திரும்பும் வட்டத்துக்கு வெளிப்பக்கம் இருக்கும் எஞ்சினை ஒரு தட்டுத் தட்டினால் மூக்கு சுற்றிவிடும், நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அண்ணன், "பாய்ல போறவன் எஞ்சினைத் தொடுவானா?" என்று கேட்டுவிட்டார்.

"காலையில தொட்டீங்களே."

"அது துறைமுகத்துக்குள்ள."

மூன்றாவது முறையும் போனது. இந்தத் தடவை குற்றவாளி பெரிய பாய். மூக்கு காற்றை நெருங்கும்போது அதன் ஷீட்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் அது காற்றுத்திசை காட்டி மாதிரி படகைக் காற்றுக்கு நேராகவே நிறுத்தி வைக்கும். தளர்த்தும் வேலை என்னுடையதாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. "ஒன்னுமே பண்ண வேண்டாம்" என்பதை நான் நம்பியிருந்தேன்.

நான்காவது முறை, ஷீட்டை அண்ணியிடம் கொடுத்துவிட்டு என்னை மறுபடி முன்தளத்துக்கு அனுப்பினார். கார் தண்டவாளத்தில் உப்புப் பிடித்துச் சிக்குகிறதா என்று நான் பார்க்க வேண்டும். சந்தேகம் நியாயமானதுதான். நல்ல தண்ணீர் விட்டு அலசாவிட்டால் காருக்குள்ளே இருக்கும் பேரிங் குண்டுகள் சுழலாது. குனிந்து பார்த்தேன். கார் பளபளவென்று வலக்கோடியில் இருந்தது. படகு திரும்ப ஆரம்பித்தது. ஒரு அலை தூக்கிப்போட்டது. நான் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டேன். என் இடது கால் ரப்பர் செருப்பு கட்டிக்கொள்ளவில்லை.

அது நேராகத் தண்டவாளத்தின் மேல் விழுந்தது. இடப்பக்கம் போகக் கிளம்பிய கார், செருப்பின் வாரை வாயில் கவ்விக்கொண்டு ஒரு ஜாண் போய் அப்படியே இறுகி நின்றது.

பாய் வலப்பக்கமே மாட்டிக்கொண்டது. காற்றோ இப்போது வலப்பக்கத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது. அது பாயின் முதுகில் அறைந்து, ஊஞ்சலைத் தள்ளுவது மாதிரி மூக்கை இடப்பக்கம் தள்ளியது. நாற்பது அடிப் படகு, இரண்டு எஞ்சின், இரண்டு குளியலறை எல்லாம் சேர்ந்து, ஒரு நடனக்காரி திரும்புகிற மாதிரி திரும்பியது.

"பாத்தியா!" என்று அண்ணன் கத்தினார். "நான் சொல்லல? அதுவே பாத்துக்கும்!"

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மகிழ்ச்சியும் கொஞ்ச நேரம்தான். திரும்பிய படகு ஓடவில்லை, சாவகாசமாகப் பக்கவாட்டில் மிதந்தது. முன்பாய் தவறான பக்கம் நின்றால் அப்படித்தான். புயலில் ஓய்வெடுக்க மாலுமிகள் வேண்டுமென்றே இப்படிச் செய்வார்கள், அதற்கு 'ஹீவ் டு' என்று பெயர். நாங்கள் வெயிலில் செய்தோம்.

"அண்ணே, கார்ல என் செருப்பு மாட்டியிருக்கு."

"எந்தக் கார்ல?"

முன்னால் வந்து பார்த்தவர் வெகுநேரம் பேசவில்லை. காற்று பிடித்த பாயோடு இருக்கும் காரில் விரலை விட்டால் விரல் நமக்கில்லை. அதனால் முதலில் ஷீட்டைத் தளர்த்தினோம். பிறகு நீளக் கொக்கிக் கம்பியால் செருப்பை நெம்பினேன். சடார்! கார் இடக்கோடிக்குப் போய் மோதியது. செருப்பு ஒரு வாரை இழந்து, முதுகில் காரின் அச்சைப் பச்சை குத்திக்கொண்டு என் கைக்கு வந்தது.

கூடத்தில் உட்கார்ந்து பேசியபோதுதான் அண்ணன் மெல்ல ஒப்புக்கொண்டார். இரண்டு ஷீட் வைத்திருக்கும் கேட்டமரான்காரர்கள் நிறையப் பேர் இந்த வித்தையைச் செய்வார்களாம். பழைய பக்கக் கயிற்றை உடனே விடாமல் பிடித்துவைத்து, மூக்கு காற்றைத் தாண்டிய பிறகுதான் விடுவார்கள். தானாகத் திரும்பும் பாய் ரொம்ப சமர்த்து. யாரும் பிடிப்பதற்குள் ஓடிவிடுகிறது, உதைக்க வேண்டிய நேரத்தில் உதைப்பதில்லை. அதோடு பாய்மரத்தைத் தாண்டாத அளவில் சின்னதாக வேறு இருக்க வேண்டும். காற்று பின்னாலிருந்து வந்தால் ஷீட்டை விட்ட மாத்திரத்தில் மேல்பாதி முறுக்கிக்கொண்டு காற்றைக் கொட்டிவிடும். இதெல்லாம் மெடல் குரலில் வரவில்லை.

தனியாக ஓட்டுகிறவருக்கு, வயதான தோள்களுக்கு, நல்ல காற்றில் அது வரம்தான், மறுக்கவில்லை. அன்று சாயங்காலமே காற்று வலுத்ததும், வேகம் பிடித்து, நிதானமாகத் திருப்பி, அண்ணி சரியான நொடியில் பெரிய பாயைத் தளர்த்த, யார் உதவியும் இல்லாமல் கார் கடகடவென்று ஓடி உட்கார்ந்தது. பார்க்க அவ்வளவு அழகு.

ஆனால் அதற்கு முன் மதியம் முழுக்க, காற்று மந்தமாக இருந்த நேரத்தில், ஒவ்வொரு டேக்குக்கும் நான் ஒரு துண்டுக் கயிற்றால் காரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "விடு!" என்று குரல் வந்ததும் விட்டேன். ஆளே வேண்டாத பாய்க்குத் தனியாக ஒரு ஆள்.

இரவு பயணக் குறிப்பேட்டைப் பார்த்தேன். அண்ணியின் கையெழுத்தில் இருந்தது: '11:40. டேக், நான்காம் முயற்சி. வெற்றி. செருப்பு: இடது, ஒன்று.'

மறுநாள் காலை வெறுங்காலோடு தளத்துக்கு வந்தேன். அண்ணன் வானத்தைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், அப்புறம் என் காலைப் பார்த்தார்.

"காத்து கம்மியாத்தான் இருக்கு. அந்த வலது கால் செருப்பு எங்க தம்பி?"