டிரெய்லர் கூரை ஒழுகியது: பிரித்து, காயவைத்து, அடைத்து முடித்தது வரை

மிச்சிகனில் பனி முழுசாகக் கரைந்து, ஏப்ரல் கடைசியில்தான் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்த் தங்குகிற வீடு மாதிரியான வண்டி) கதவைத் திறந்தேன். திறந்ததும் வாடை. ஈரத் துணியை ரெண்டு நாள் மூட்டை கட்டி வைத்தால் வருமே, அதே வாடை. கட்டிலுக்கு மேலே காற்றுப் போக 14 அங்குலச் சதுரத்தில் ஒரு கூரை வென்ட் இருக்கிறது, அதைச் சுற்றித் தேநீர் நிறத்தில் கறை. விரலால் அழுத்தினால் சீலிங் பலகை மெத்தென்று உள்ளே போனது.

வண்டி 2008 மாடல், 23 அடி, போன அக்டோபரில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. பிள்ளைகளோடு ஏரிக்கரைகளில் போய்த் தங்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசைப்பட்டு வாங்கினேன். கடையில் விட்டால் கூரை வேலைக்கு என்ன கேட்பார்கள் என்று விசாரித்தேன், நான் வண்டி வாங்கிய விலையில் பாதிக்கு மேல் சொன்னார்கள். சரி, நாமே செய்துவிடலாம் என்று இறங்கியது அப்படித்தான். மொத்தம் ஐந்து வார இறுதிகள் ஆனது.

முதலில் கூரை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மேலே ஏறக் கூடாது. அமெரிக்காவில் இந்த வண்டிகளில் பெரும்பாலானவை இண்டியானாவில் எல்க்ஹார்ட் ஊரைச் சுற்றியே செய்யப்படுகின்றன, கட்டும் முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். குறுக்கே மெல்லிய மரச் சட்டங்கள், அவற்றின் மேல் பிளைவுட் பலகை, அதன் மேல் பசை போட்டு ஒட்டிய ரப்பர் விரிப்பு. விரிப்பு தானாக ஒழுகுவது அபூர்வம். அதில் நாம் போடும் ஓட்டைகள்தான் ஒழுகும்: வென்ட், கழிவுக் குழாயின் காற்றுக் குழல், ஆன்டெனா, ஏணியின் பிடி, முன்னும் பின்னும் விரிப்பு முடிகிற இடத்தில் அலுமினியப் பட்டையை இறுக்கும் வரிசை வரிசையான ஸ்க்ரூக்கள்.

விரிப்பிலும் இரண்டு ரகம், இபிடிஎம் என்று ஒன்று, டிபிஓ என்று ஒன்று. ஏதாவது ஒரு ஓரத்தைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தால் இபிடிஎம் கறுப்பாக இருக்கும். என்னுடையது கறுப்பு. கையால் தடவினால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடியும் ஒட்டியது, மழை பெய்தால் பக்கச் சுவரில் வெள்ளைக் கோடுகளாக வழிவது அந்தப் பொடிதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இபிடிஎம்முக்குப் பெட்ரோலியம் கலந்த கிளீனர் ஆகவே ஆகாது, ரப்பர் ஊதிக் கொப்புளம் போட்டுவிடும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் போதும், ஓட்டையை அடைக்கும் பசையான சீலன்ட் போடுவதற்கு முன்னால் மட்டும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் ஒரு துடைப்பு.

மே முதல் வாரம் நான் செய்தது தப்பான வேலை. கறை வென்ட்டைச் சுற்றி இருக்கிறது, அப்படியானால் ஓட்டையும் வென்ட்டில்தான் என்று முடிவு கட்டினேன். வெடித்திருந்த பழைய சீலன்ட்டைச் சுரண்டி, புதிதாகப் போட்டு, ஒரு சனிக்கிழமை முழுவதையும் அதிலேயே விட்டேன். செவ்வாய்க்கிழமை மழை. புதன் காலை போய்ப் பார்த்தால் கறை இன்னும் நாலு விரல்கடை பெரிதாகியிருந்தது.

அன்று ராத்திரி அப்பாவிடம் போனில் பேசும்போது இதைச் சொன்னேன். மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடி ஒழுகி, தட்டோடு பெயர்த்துப் போட்ட அனுபவம் அவருக்கு உண்டு. "கறை இருக்கிற இடத்துல ஓட்டை இருக்காதுப்பா. தண்ணி எங்கேயோ நுழையும், எங்கேயோ சொட்டும். மேடு எந்தப் பக்கம்னு மொதல்ல பாரு" என்றார். போனை வைத்துவிட்டு வெளியே போய் லெவல் வைத்துப் பார்த்தேன். எங்கள் டிரைவ்வே சரிவு. குளிர்காலம் முழுக்க வண்டியின் மூக்கு மேலேயும் பின்பக்கம் கீழேயுமாக நின்றிருக்கிறது. முன்பக்கம் நுழைகிற தண்ணீர் ரப்பருக்கும் பலகைக்கும் நடுவே பின்னோக்கி ஓடி, முதலில் எதிர்ப்படுகிற வென்ட் ஓட்டையில் சொட்டியிருக்கிறது. நான் அடைத்த இடம் தண்ணீர் வெளியே வருகிற வாசல்.

அடுத்த சனிக்கிழமை காற்றடித்துப் பார்க்கிற சோதனை. ஒழுகலைத் தேடுகிறவர்கள் இதை முதலிலேயே செய்ய வேண்டும் என்பது என் கருத்து, செலவு கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. இலை ஊதும் பிளோயரை வென்ட் ஓட்டையில் அட்டையும் டேப்பும் வைத்துப் பொருத்தி, ஜன்னல், மற்ற வென்ட், அடுப்பின் புகைபோக்கி எல்லாவற்றையும் மூடி, குறைந்த வேகத்தில் ஓட விட்டால் உள்ளே காற்றழுத்தம் ஏறும். அப்புறம் கூரை மேல் சோப்புத் தண்ணீரை ஸ்பிரே செய்துகொண்டே போனால், காற்று கசிகிற இடத்தில் குமிழி வரும். முழு வேகத்தில் ஓட்ட வேண்டாம், நன்றாக ஒட்டியிருக்கும் சீலன்ட்டையும் பிய்த்துவிடும். கூரை மேல் நேரடியாகக் கால் வைக்காமல், இரண்டுக்கு நாலு அடி பிளைவுட் துண்டு ஒன்றைப் போட்டு அதன் மேல் முட்டி போட்டுக்கொண்டேன், எடை பரவும்.

வென்ட்டில் ஒரு குமிழிகூட இல்லை. முன்பக்க அலுமினியப் பட்டைக்கு வந்தேன். இடது மூலையிலிருந்து மூன்றாவது ஸ்க்ரூவின் தலையைச் சுற்றி, கடுகு அளவில் நாலைந்து குமிழிகள் எழும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு சின்ன வெள்ளை நுரைப் பூ மாதிரி மெதுவாக விரிந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரமாகத் தேடியது அது. அதே வரிசையில் இன்னும் நாலு ஸ்க்ரூ, ஆன்டெனா பக்கத்தில் விரிப்பிலேயே இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு கீறல், எல்லாவற்றையும் பென்சிலால் வட்டம் போட்டு வைத்தேன்.

முன்பக்கம் யாரோ ஏற்கெனவே சிலிக்கோன் பூசியிருந்தார்கள். இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி அதுதான். கூரையில் சிலிக்கோன் போடாதீர்கள், தயவுசெய்து. போட்ட கொஞ்ச நாளில் ரப்பரிலிருந்து ஓரம் விட்டுவிடும், ஆனால் அதன் மேல் வேறு எதுவும் ஒட்டவும் ஒட்டாது. முழுக்க எடுத்தே ஆக வேண்டும். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக, விரிப்பு கிழியாமல் எடுத்தேன். அதற்கு அடியில் இருந்த பழைய கூரை சீலன்ட்டுக்கு ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் தூரமாகப் பிடித்தால் இளகி, நாடா மாதிரி உரிந்து வருகிறது. எட்டடி அகலப் பட்டைக்கு ஒன்றரை நாள்.

பட்டையைக் கழற்றும்போது ஸ்க்ரூக்களே கதை சொல்லிவிட்டன. வலது பக்கம் உள்ளவை பளபளவென்று வந்தன. இடது பக்கம் துரு பிடித்து, இரண்டு ஸ்க்ரூ கையால் இழுத்ததுமே வந்தது, பிடிக்க மரமே இல்லை. விரிப்பைச் சுருட்டிப் பின்னால் தள்ளினேன். பிளைவுட் கறுத்து, அடுக்கடுக்காகப் பிரிந்து, தேநீரில் ஊறிய வர்க்கி மாதிரி விரலோடு வந்தது. ஈரமானியை நல்ல மரத்தில் குத்தினால் 11 சதவீதம் காட்டுகிறது, இங்கே 28. பொதுவாக 15க்குக் கீழே இருந்தால் காய்ந்தது, 20ஐத் தாண்டினால் மரம் உளுத்துப்போக ஆரம்பிக்கும். உள்ளே கண்ணாடி இழைப் பஞ்சு தண்ணீர் குடித்துக் கனத்துக் கிடந்தது, பிழிந்தால் சொட்டும். எல்லாவற்றையும் எடுத்துக் குப்பையில் போட்டேன்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். மேலே புதுசாகப் பூச்சைப் பூசி அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், கூரை வெளியே அழகாக இருக்க உள்ளே உளுத்துக்கொண்டே போகும். எனக்கும் மே கடைசியில் வருகிற மெமோரியல் டே லீவுக்கு வண்டியை எடுக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. பிள்ளைகளிடம் இந்த முறை இல்லை என்று சொல்லிவிட்டு, மேலே கூடாரம் மாதிரி தார்ப்பாய் கட்டி, உள்ளே ஒரு ஃபேனும் ஈரம் உறிஞ்சும் மெஷினும் ஒன்பது நாள் ஓடவிட்டேன். தினமும் ராத்திரி அதே மூன்று இடத்தில் ஈரமானியைக் குத்தி எழுதி வைத்தேன்: 28, 26, 23, 19, அப்புறம் ரெண்டு நாள் மழையில் அசையவே இல்லை, 17, 14, 12.

மர வேலை நினைத்ததைவிடச் சுலபம். உளுத்த பகுதியை, ஓரம் ஒரு சட்டத்தின் நடுவில் வந்து உட்காருகிற மாதிரி மூன்றடிக்கு இரண்டடி வெட்டி எடுத்தேன். ஒரு சட்டத்தின் நுனி மட்டும் போயிருந்தது, அதன் பக்கவாட்டில் புதுச் சட்டம் ஒன்றைப் பசையும் ஸ்க்ரூவும் போட்டுச் சேர்த்துக் கட்டினேன். புதுப் பஞ்சு, அதே கனத்தில் புதுப் பிளைவுட். ஸ்க்ரூ தலைகள் மட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், ஓரங்களை உப்புத்தாளால் மழுங்கத் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு அதுவே ரப்பரைக் குத்தும். தண்ணீரில் கரையும் கூரைப் பசையை ரோலரால் பலகையில் தடவி, விரிப்பை மெதுவாக இறக்கி, மெத்தென்ற தொடப்பத்தால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக் காற்றை வெளியேற்றினேன்.

அடைப்பதில் முக்கியமானது கண்ணுக்குத் தெரியாத அடுக்குதான். பட்டைக்கு அடியில் பியூட்டைல் டேப், சப்பாத்தி மாவு மாதிரி பிசுபிசுப்பான சாம்பல் நிற நாடா. அதன் மேல் பட்டையை வைத்து, துரு பிடிக்காத எஃகு ஸ்க்ரூக்களை, பழைய ஓட்டை தளர்ந்த இடங்களில் ஒரு அளவு தடிமனாக எடுத்து, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஓரத்தில் பியூட்டைல் சீராகப் பிதுங்கி வந்தால் சரியாக உட்கார்ந்தது என்று அர்த்தம். மறுநாள் வெயிலில் இன்னும் கொஞ்சம் பிதுங்கும், திரும்ப ஒரு முறை இறுக்கிவிட்டு மிச்சத்தைப் பிளாஸ்டிக் கத்தியால் வெட்டினேன்.

மேலே டைகார் என்ற கம்பெனியின் சீலன்ட். அதில் தானாகப் பரவுகிற ரகம் சமதளத்துக்கு, வழியாத ரகம் சரிவுக்கும் செங்குத்துக்கும். நான் முன்பக்க வளைவு ஆரம்பிக்கிற இடம்வரை பரவுகிற ரகத்தையே கொண்டுபோனேன், பத்து நிமிஷத்தில் பாகு மாதிரி முகப்பில் ஒரு அடி வழிந்துவிட்டது. ஈரமாக இருக்கும்போதே துடைத்து எடுத்து, அந்த இடத்துக்கு மட்டும் வழியாத ரகத்தைப் போட்டேன். சமதளத்தில் மட்டும் அதைப் பார்க்கவே அருமையாக இருக்கிறது: ஸ்க்ரூ தலைமேல் ஒரு பொட்டு வைத்தால் தானாக உருகின மாதிரி இறங்கி, தலையை மூடி, ஓரம் வழவழவென்று ரப்பரோடு சேர்ந்துகொள்கிறது. மேலே தோல் கட்டச் சில மணி நேரம், உள்ளே முழுக்க இறுக ஒரு மாதம்கூட ஆகலாம். 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போட வேண்டாம்.

விரிப்பில் இருந்த கீறலுக்கு எட்டர்னாபாண்ட் என்ற கூரை ஒட்டும் டேப், நாலு அங்குல அகலம், மூலைகளை வட்டமாக வெட்டி, ரோலரால் அழுத்தித் தேய்த்தேன். எல்லா மூட்டுக்கும் இதையே ஒட்டிவிட்டால் கவலையில்லை என்று சொல்கிறவர்கள் நிறைய. எனக்கு அதில் சம்மதம் இல்லை. அது நன்றாக ஒட்டும், அதனாலேயே நாளைக்கு வென்ட்டையோ பட்டையையோ கழற்ற வேண்டி வந்தால் விரிப்பையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். கழற்ற வேண்டிய இடத்தில் சீலன்ட், கழற்றவே வேண்டாத இடத்தில் டேப் என்று வைத்துக்கொண்டேன்.

சீலன்ட் எட்டுக் குழல், டேப், பியூட்டைல், பசை, மரம், ஈரமானி எல்லாம் சேர்த்து 340 டாலர் ஆனது. ஃபேனும் மற்றதும் வீட்டில் இருந்தவை.

ஜூன் மூன்றாம் வாரம் மறுபடி பிளோயர் வைத்துச் சோதித்தேன், முன்பக்கம் ஒரு குமிழியும் இல்லை. பின்பக்க இடது மூலையில், தண்ணீர் வடியும் பட்டைக்கு அடியில் மட்டும் இரண்டு. அந்தப் பட்டையைப் பிரித்து பியூட்டைல் மாற்றுவது ஆகஸ்ட் வேலை, அதுவரைக்கும் அந்த இடத்தில் தற்காலிகமாகச் சீலன்ட் போட்டிருக்கிறேன். ஏசிக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட்டின் நாலு போல்ட்டையும் அப்போதே பார்க்க வேண்டும்.

போன வியாழக்கிழமை ராத்திரி இடியோடு நல்ல மழை. இரண்டு மணிக்கு எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு டிரெய்லருக்குள் போனேன். சின்னவளும் எழுந்து பின்னாலேயே வந்துவிட்டாள். அவளைக் கட்டில் மேல் ஏற்றி நிறுத்தி, ஈரமானியை அவள் கையிலேயே கொடுத்து, வென்ட் ஓரத்தில் குத்தச் சொன்னேன். "பதினொண்ணுப்பா" என்றாள்.