ஸ்டுட்கார்ட்டில போட்ட குப்பி

ஜெர்மனில ஸ்டுட்கார்ட்டில படிக்கிற நான் லீவுக்கு மட்டக்களப்பு கல்லடிக்கு வந்து மூண்டு கிழமை ஆகுது, வந்த நாள் தொடக்கம் ஆரோ ஒருத்தர் ஃபைல தூக்கிக்கொண்டு கேட்டத் திறந்து வந்துகொண்டே இருக்காங்க. நேத்து வந்தது சின்னம்மாட பக்கத்து வீட்டுப் பொடியன். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில சிவில் எஞ்சினியரிங் முடிச்சவன். "அக்கா, ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் போடப்போறன், ஏஜென்சி ஒண்டில கதைச்சன், அட்மிஷன் எடுத்துத் தர ரெண்டரை லட்சம் கேக்குறாங்க" எண்டான். எனக்கு வந்த கோவம்! டேய் தம்பி, அது நீ வீட்டில இருந்து லெப்டொப்ல யூனிவர்சிட்டிட வெப்சைட்டுக்குள்ள போய் நிரப்பி அனுப்புற ஃபோர்ம், அதுக்கா ரெண்டரை லட்சம்?

காசு தேவைதான், ஆனா அது வேற இடத்தில. ஜெர்மனில அரச யூனி அநேகமா ஃபீஸ் எடுக்காது, ஆனா ஸ்டுட்கார்ட் இருக்கிற பாடன்-வுட்டம்பெர்க் மாநிலத்தில 2017இல இருந்து எங்கள மாதிரி ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து போறவங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. அத விடப் பெருசு விசாவுக்குக் காட்டுற புளொக்ட் எக்கவுண்ட், போட்ட காச ஒரேயடியா எடுக்கேலாத பேங்க் கணக்கு. நான் போட்டது 11,904 யூரோ, எங்கட காசில நாப்பது லட்சத்துக்குக் கிட்ட. அது எங்கட காசுதான், அங்க போனாப் பிறகு மாசம் 992 யூரோவாத் திருப்பித் தருவாங்க, ஆனா போக முன்னம் ஒரேயடியாப் புரட்ட வேணுமே. எங்கட வீட்டில அப்பா வயல் காணியில ஒரு துண்ட ஈடு வச்சவர். அதப்பத்தி இப்ப கதைக்கேல்ல.

பொடியன் கேட்டது "படிப்பு கஷ்டமா அக்கா?" எண்டு. படிப்பு கஷ்டமில்ல எண்டு பொய் சொல்லலாம், ஆனா கஷ்டம் நாம நினைக்கிற இடத்தில இல்ல.

நான் பேராதனைக் கெம்பஸ். எங்களுக்கு அங்க குப்பி எண்டு ஒண்டு இருந்திச்சு, கெம்பஸ் போன ஆக்களுக்கு விளக்கத் தேவையில்ல, மத்த ஆக்களுக்கு: எக்ஸாமுக்கு முன்னம் பச்சில, அதாவது ஒண்டாப் படிக்கிற கூட்டத்தில, விசயம் தெரிஞ்ச ஒருத்தர் மத்த எல்லாரையும் இருத்தி வச்சு ராவிரவா பாஸ்ட் பேப்பர் செய்து காட்டுறது. அந்தக் காலத்துக் குப்பி விளக்கில இருந்து வந்த பேர் எண்டு சீனியர்மார் சொல்லுவாங்க. நான் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாஸ் பண்ணினது லெக்சரராலயா குப்பியாலயா எண்டு கேட்டா, சத்தியமாக் குப்பியால.

ஸ்டுட்கார்ட்டில முதல் செமஸ்டர் எனக்கு அடி. லெக்சருக்கு ஆரும் அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டாங்க, வந்தா வா வராட்டிப் போ, கன பாடத்துக்குக் கடைசில ஒரேயொரு எக்ஸாம், அதுதான் முழு மார்க்ஸும். குறிப்பிட்ட தரம்தான் திருப்பி எழுதலாம், அதுக்குள்ளயும் பாஸ் பண்ணாட்டி அந்தக் கோர்ஸ விட்டே போக வேண்டியதுதான். மார்க்ஸும் தலைகீழ், 1.0 தான் உச்சம், 4.0 வரைக்கும் பாஸ், 5.0 ஃபெயில். என்ட முதல் ரிசல்ட் 5.0. அம்மாவுக்கு வட்ஸ்அப்பில சொன்னன், "அஞ்சா? நல்லம் மனே" எண்டா. நான் திருத்தேல்ல.

எழுதின பேப்பரப் போய்ப் பாக்கிற உரிமை அங்க இருக்கு, ஐன்ஸிஹ்ட் எண்டு சொல்லுவாங்க. போய்ப் பாத்தா எனக்குச் சமன்பாடெல்லாம் சரி, "ஏன்" எண்டு கேட்ட இடமெல்லாம் வெறும் தாள். பக்கத்தில ஒரு இந்தோனேசியப் பிள்ளை, ஒரு நேபாளப் பொடியன், கொலம்பியாக்காரன் ஒருத்தன், எல்லாற்ற முகமும் என்ட முகம் மாதிரித்தான் இருந்திச்சு. அப்பதான் எனக்கு விளங்கினது, இதுகளுக்கும் பச் இல்ல.

அடுத்த கிழமை விடுதிக் குசினியில குப்பி தொடங்கிட்டன். பேரும் அதேதான், கொலம்பியாக்காரன் "கூப்பி" எண்டுவான். முதல் பாடம் நிலத்தடி நீர், கடலோரத்தில உப்புத்தண்ணி ஏறுற பகுதி. நாலு பேரும் ஸ்லைடப் பாத்துக்கொண்டு முழிக்கிறம், திடீரெண்டு எனக்கு எங்கட வீட்டுக் கிணறு ஞாபகம் வந்திட்டு.

கல்லடி எண்டா ஒரு பக்கம் கடல், மத்தப் பக்கம் வாவி, நடுவில மணல் துண்டு. அந்த மணலுக்குள்ள மழைத்தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்கிது, உப்பு பாரம் கூட எண்டபடியா. கடல் மட்டத்துக்கு மேல நல்லதண்ணி 1 மீற்றர் நிண்டா கீழ 40 மீற்றர் மட்டுக்கு நிக்கும் எண்டதுதான் கணக்கு. மறுவளமா யோசிச்சா, மேல கொஞ்சம் இறைச்சாலே கீழ இருந்து உப்பு நல்லா மேல ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகு (எனக்கு அப்ப ஏழு வயசு) எல்லாரும் மோட்டரப் போட்டுக் கிணத்த இறை இறை எண்டு இறைச்சாங்க, இறைக்க இறைக்கத் தண்ணி கூடக் கைச்சுதே ஒழியக் குறையேல்ல. மாரி மழைதான் கொஞ்சம் கொஞ்சமாக் கழுவிக்கொண்டு போனது. இத நான் உடைஞ்ச இங்கிலீஷில சொல்லி முடிக்க நேபாளப் பொடியன் "அதுதான் அந்தப் படமா!" எண்டு மேசையில அடிச்சான். அந்தப் பாடம் திருப்பி எழுதி எனக்கு 1.7.

இதையெல்லாம் பொடியனுக்குச் சொன்னா அவன் கேக்கிறான், "அப்ப அட்மிஷனுக்கு எழுதுற மோட்டிவேஷன் லெட்டருக்கும் ஒரு குப்பி போடுவீங்களா அக்கா?" எண்டு. நான் யோசிக்காம ஓம் எண்டிட்டன். ராத்திரி மெசேஜ் வந்திருக்கு, ஞாயிறு பின்னேரம் அவன்ட பச்சில ஏழு பேர் வாறாங்களாம், ரெண்டு பேர் அக்கரைப்பற்றில இருந்து பஸ் எடுத்து. அம்மாட்டச் சொன்னன். "கதிரை காணாது, பாய விரிப்பம்" எண்டு போட்டு சீனி டப்பாவத் திறந்து பாக்கிறா.