நெருதோவா தெருவை மேலிருந்து கீழே பாருங்கள்

செக் தலைநகர் பிராக்கின் நெருதோவா தெருவுக்கு வருகிறவர்களில் பலர் மாலோஸ்ட்ரான்ஸ்கே சதுக்கத்தில் இறங்கி, கோட்டையை நோக்கி மூச்சு வாங்க ஏறுகிறார்கள். ஏற்றத்தில் கண் தரையிலேயே இருக்கும். இங்கே பார்க்க வேண்டியதோ தலைக்கு மேலே இருக்கிறது. ஆகவே 22ஆம் எண் டிராமில் மேலே உள்ள போஹோர்ஷெலெட்ஸ் நிறுத்தம் வரை போய், ஊவோஸ் தெரு வழியாக இறங்கி வாருங்கள்.

படைக்கு ஆள் எடுக்க வசதியாக 1770இல் நாட்டை ஆண்ட அரசி மரியா தெரசாவின் அரசு வீடுகளுக்கு எண் போட்டது. அதற்கு முன் சுவரில் இருந்த சின்னம்தான் முகவரி. அந்தச் சின்னங்கள் இத்தனை நெருக்கமாக மிஞ்சியிருப்பதுதான் இந்தத் தெருவின் பெருமை. பெரும்பாலும் வாசலுக்கு மேலேயோ முதல் மாடி ஜன்னல்களுக்கு நடுவிலோ இருக்கும். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றால்தான் முழுதாகத் தெரியும்.

எண்களில்தான் பலர் குழம்புகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பலகைகள். சிவப்பு, அந்தப் பேட்டை முழுவதற்குமான பதிவு எண். தெருவில் வரிசையாக வராது. நீலம்தான் தெரு எண். வரைபடத்தில் 233/47 என்றிருந்தால் 47ஐ நீலப் பலகையில் தேடுங்கள். எண்கள் ஆற்றுப் பக்கத்திலிருந்து தொடங்குவதால் இறங்க இறங்கக் குறையும். ஒற்றை எண்கள் வலப்புறம், இரட்டை எண்கள் இடப்புறம்.

அந்த 47, ‘இரண்டு சூரியன்’ வீடு. தெருவுக்குப் பெயர் தந்த எழுத்தாளர் யான் நெருதா 1845 முதல் 1857 வரை இங்கே வளர்ந்தார். 20இல் துன்-ஹோஹென்ஷ்டைன் மாளிகை. வாசலில் சிறகு விரித்து நிற்கும் கல் கழுகுகள் மத்தியாஸ் பிரவுன் செதுக்கியவை. இன்று அது இத்தாலியத் தூதரகம் என்பதால் வெளியிலிருந்தே பார்க்க வேண்டும். 12இல் ‘மூன்று வயலின்’: எட்லிங்கர் என்ற வயலின் செய்யும் குடும்பம் வாழ்ந்த வீடு. ஆனால் எல்லாச் சின்னமும் தொழிலைச் சொல்வதில்லை. 49இல் உள்ள வெள்ளை அன்னத்தை வைத்து அங்கே என்ன விற்றார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. வீடு கை மாறினாலும் சின்னம் அப்படியே நின்றுவிடும்.

நேரம் குறைவென்றாலும் 5இல் உள்ள மோர்சின் மாளிகையைத் தவறவிடாதீர்கள். பால்கனியைத் தாங்கி நிற்கும் இரண்டு மூர் (வட ஆப்பிரிக்க) ஆண்களின் சிலைகளும் சிற்பி பிரோகோஃப் செய்தவை. தோளில் ஏறிய பாரம் அவர்கள் உடலில் தெரிகிறது. அருகே போய் அண்ணாந்து பாருங்கள்.

மழை பெய்தால் உருளைக்கல் பாவிய சரிவு வழுக்கும். ரப்பர் அடி போட்ட காலணி வேண்டும். சக்கரப் பெட்டியை அறையிலேயே விட்டுவிடுங்கள்.