புறணியில் தேடிய சாட்

மார்ச் 4, 2024, திங்கள்

மூளை வங்கியிலிருந்து திசுக்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. அல்சைமரில் இறந்தவர்கள் 6 பேர், அந்த நோய் இல்லாதவர்கள் 6 பேர், எல்லாமே நெற்றிப் பக்கத்துப் புறணி, அதாவது மூளையின் வெளியடுக்கு. மைனஸ் 80 ஃப்ரீசரில் அடுக்கும்போது, இவர்கள் வீட்டில் யாரோ சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு விடவில்லை.

பார்க்கப் போவது சாட் என்சைமின் ஜீனை. முழுப்பெயர் கோலின் அசிட்டைல்ட்ரான்ஸ்ஃபரேஸ், நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற, நரம்புகள் சேதி சொல்லும் வேதிப்பொருளை உண்டாக்குவது அதுதான். அல்சைமர் மூளையில் அதன் செயல்பாடு வெகுவாகக் குறைந்திருப்பதை 1976இல் எடின்பரோவில் டேவிஸும் மலோனியும் காட்டினார்கள். ஆச்சி இரவில் போடுகிற டோனெபெசில் மாத்திரையும் அந்த வழியில் வந்ததுதான்: உண்டாவது குறைவு என்பதால், இருப்பதை உடைக்கும் என்சைமை அது தடுக்கிறது.

மார்ச் 6, புதன்

ஜீனிலிருந்து படியெடுத்த எம்ஆர்என்ஏவைப் பெருக்கி அளக்கும் பிசிஆரில், சிக்னல் தெரிய எத்தனை சுற்று ஆனது என்று சொல்லும் சிடி எண் 36, 37. எண் ஏற ஏறச் சரக்கு குறைவு என்று அர்த்தம், சில குழிகளில் சிக்னலே இல்லை. நோயாளிகளுக்கு மட்டும் அப்படி வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன், மற்ற 6 பேருக்கும் அதேதான். ஆர்என்ஏ சிதைந்துவிட்டதா, ஜீனைத் தேடிப் பிடிக்கும் டிஎன்ஏ துண்டான பிரைமர் சரியில்லையா என்று ராத்திரி 9 மணி வரை குடைந்தும் பிடிபடவில்லை.

மார்ச் 7, வியாழன்

லேபில் மூத்த அக்கா ஒரே கேள்விதான் கேட்டார். "சாட்டைப் புறணியில ஏன்மா தேடுற?"

அந்த ஜீன் படிக்கப்படுவது செல்லின் உடலில். புறணிக்கு அசிட்டைல்கோலின் தரும் செல்கள் இருப்பதோ மூளையின் அடிப்பக்கம், மெய்னர்ட் உட்கரு என்ற நரம்புச் செல் கூட்டத்தில். அங்கே தயாராகும் என்சைம் நீளமான நரம்பிழை வழியாகப் புறணிக்குப் போய்ச் சேருகிறது. 1976இல் அளந்தது என்சைமை, அதனால் கிடைத்தது. நான் தேடியது எம்ஆர்என்ஏவை, அது வேறு ஊரில் இருக்கிறது.

சரி, மெய்னர்ட் திசுவை வாங்கினால் போதுமா என்றால் அதுவும் இல்லை. அல்சைமரில் அங்கே 75 சதவீதத்துக்கும் மேல் செல்கள் அழிந்திருப்பதை 1982இல் வைட்ஹவுஸ் குழு காட்டியது. எம்ஆர்என்ஏ குறைந்தால் ஜீன் அடங்கியதா, செல்லே போனதா? செல்களை எண்ணாமல் "வெளிப்பாடு குறைந்தது" என்று ஒரு வரிகூட எழுதக் கூடாது, இதை எனக்காகவே இங்கே குறித்து வைக்கிறேன்.

மார்ச் 9, சனி

அக்கா சொன்னபடி, மூளையின் உள்ளே இருக்கும் புட்டாமென் என்ற பகுதியின் திசுவில் ஓட்டினேன். சிடி 26! பிரைமரில் குறையே இல்லை. அசிட்டைல்கோலின் செல்கள் அங்கேயே குடியிருப்பவை, அல்சைமரிலும் மற்றவற்றை விடத் தாக்குப்பிடிப்பவை. கை பழகிய வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் பகுதியும் அதுதான்.

மார்ச் 10, ஞாயிறு

ஊருக்கு வந்திருக்கிறேன். ஆச்சி என்னை அத்தை பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். மடியில் கால் படி பிச்சிப்பூவைப் போட்டதும் விரல்கள் தானாக நாரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டன, இரண்டு பூ இப்படி, இரண்டு பூ அப்படி, ஒரு முடிச்சு. ஒரு சிடி எண்ணை வைத்து அந்த விரல்களுக்குக் காரணம் சொல்லிவிட முடியாது. ஆனாலும் முழம் முடியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், நார் தீர்ந்தபோது என்னைப் பார்க்காமலேயே கையை நீட்டினாள்.