கோச்சுகளுக்கு ஒரு கோச்

காரைக்குடியில் எங்கள் சிறுவர் கூடைப்பந்து கிளப்பில் எனக்குப் பதவி, பயிற்சி இயக்குநர். பக்கத்து வீட்டு ஆச்சி நேற்றுக் கேட்டார்: "அதான் நாலு கோச் இருக்காங்களே, நீ அங்க என்னதான் தம்பி பண்றே?"

நியாயமான கேள்விதான். எனக்கென்று அணி எதுவும் கிடையாது. எந்த வயதுக்கு எதைச் சொல்லித்தருவது என்று கோச்சுகளோடு உட்கார்ந்து முடிவு செய்வதுதான் வேலை.

போன வருஷம் வரை பத்து வயதுப் பிள்ளைகள் பெரியவர்களின் 7-ஆம் எண் பந்தை 3.05 மீட்டர் உயர வளையத்துக்கு எறிந்துகொண்டிருந்தார்கள். கையில் வலு போதாமல் இடுப்பிலிருந்து தூக்கி வீசுவார்கள். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பின்னால் மாற்றுவது பெரும்பாடு. மினி கூடைப்பந்துக்கு 5-ஆம் எண் பந்து, வளையம் 2.60 மீட்டர். பந்து வாங்கியாயிற்று. வளையத்தை இறக்கத்தான் வெல்டிங் பட்டறைக்கு மூன்று முறை அலைந்தேன்.

அப்புறம் ஸோன் டிபென்ஸ் சண்டை. ஸோன் டிபென்ஸ் என்றால் ஆளுக்கு ஆள் தடுக்காமல், ஒவ்வொருவரும் ஓர் இடத்தைக் காப்பது. சின்னப் பிள்ளைகளை வளையத்தடியில் கூட்டமாக நிறுத்தினால் எதிரணியால் தூரத்திலிருந்து போட முடியாது, சுலபமாக ஜெயிக்கலாம். ஆனால் ஓர் ஆளைப் பின்தொடர்ந்து தடுக்கக் காலை எப்படி நகர்த்துவது என்பதை எப்போது கற்பார்கள்? "ஜெயிக்கிறோமேண்ணே" என்கிறார் இளைய கோச். பிள்ளைகள் முன்னால் நான் வாயே திறப்பதில்லை. எல்லாம் பயிற்சி முடிந்து டீக்கடையில்தான்.

முழுதாகக் கேட்டுவிட்டு ஆச்சி, "அப்ப நீ ஹெட்மாஸ்டர்னு சொல்லு" என்றார். சம்பளம் இல்லை என்பதை நான் சொல்லவில்லை.