கொல்லிமலையில் சாமைக்குக் கணக்கு: சில குறிப்புகள்

2025 ஜனவரி 6
செம்மேட்டில் தங்கல். எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு அப்புறம் இரண்டு டீ தேவைப்பட்டது.

இங்கே சாமை, தினை, கேழ்வரகு நாட்டு ரகங்களைக் காப்பாற்ற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து வேலை செய்கிறது. 2001இல் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியமான ஐஃபாட் (IFAD) நிதியில் ஒரு பன்னாட்டுத் திட்டமும் சேர்ந்தது. விதை வங்கி, அரவை இயந்திரம், சுய உதவிக் குழு, சந்தை என்று நிறைய நடந்திருக்கிறது. இதனால் என்ன விளைந்தது என்று பார்ப்பதுதான் என் வேலை. பணம் கொடுப்பவர்களுக்கு ஒரே ஒரு எண் வேண்டும்: போட்ட ரூபாய்க்கு எத்தனை ரூபாய்?

ஜனவரி 8
பார்க்கும் சரிவெல்லாம் மரவள்ளி. கீழே சேலம், நாமக்கல் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் வாங்கிக்கொள்கின்றன, கையில் காசு வருகிறது. ரேஷனில் 2011 முதல் அரிசி இலவசம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சாமை பிழைக்க வேண்டும். சாமை சுருங்கிய பரப்பை மட்டும் பார்த்தால் இத்தனை வருட ஆய்வும் தோல்வி என்று எழுதிவிடலாம். ஆய்வே நடக்காமல் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவு சுருங்கியிருக்கும் என்பதல்லவா கேள்வி?

ஜனவரி 9
அதற்காக, திட்டம் போகாத ஒரு ஊரை ஒப்பிட எடுத்தோம். முதல் வீட்டிலேயே சிக்கல். விதை எங்கே வாங்கினீர்கள் என்றால், "தங்கச்சியக் கட்டிக்கொடுத்த ஊர்ல இருந்து" என்கிறார்கள். அது திட்டம் நடந்த ஊர். கல்யாண உறவு வழியாக விதை போய்க்கொண்டே இருக்கும்போது, ஆய்வின் வாடையே படாத ஊரை எங்கே தேடுவது? போதாததற்கு, திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த ஊர்களே முதலில் சிறுதானியம் அதிகம் விளைந்த ஊர்கள்தானாம். ஒப்பீடு அங்கேயும் சாய்கிறது.

ஜனவரி 11
ரகப் பட்டியல். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலாசாமை, பெருஞ்சாமை. பெயர்களை எண்ணுவது சுலபம், அறிக்கையிலும் அழகாக இருக்கும். ஆனால் ஒரு ஊரில் நாலு ரகம் இருந்தும் ஒன்றே முக்கால்வாசி நிலத்தைப் பிடித்துக்கொண்டு, மற்ற மூன்றும் வேலி ஓரத்தில் ஒரு கைப்பிடி நின்றால் அதைப் பன்மை என்பதா? அதனால் எத்தனை ரகம் என்பதோடு, ஒவ்வொன்றும் எவ்வளவு நிலத்தில் என்றும் கேட்கிறோம். கேள்வித்தாள் இரண்டு பக்கம் நீண்டுவிட்டது. உடன் வரும் பையன் முறைக்கிறான்.

ஜனவரி 14
பொங்கல். வேலை இல்லை.

ஜனவரி 16
இன்றுதான் உருப்படியான நாள். விதை வங்கியால் என்ன பயன் என்று ஒரு பாட்டியிடம் கேட்டேன். "விதை எங்ககிட்ட எப்பவும் இருந்துச்சு கண்ணு. குத்தறதுக்குத்தான் ஆள் இல்ல." கேழ்வரகை அப்படியே அரைத்துக் களி கிண்டலாம். சாமைக்கு உமி நீக்கியாக வேண்டும். உரலில் போட்டுக் குத்திப் புடைக்க வேண்டும், அதுவும் பெண்கள் தலையில். இந்தப் பக்கம் உமி நீக்கும் இயந்திரம் வந்த பிறகு மருமகள் சாமைச் சோற்றுக்கு முகம் சுளிப்பதில்லையாம். இயந்திரம் பழுதாகிக் கிடந்த வருடம் விதைப்பும் குறைந்தது என்கிறார். ஒரு பாட்டி சொல்வதை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். ஆனாலும், விதை காக்கும் ஆய்வின் விளைவைத் தேடி வந்தவன் மில் வாசலில் நிற்கிறேன்.

ஜனவரி 20
விலைக் கணக்கு. சாமை விலை ஏறியிருக்கிறது. ஆனால் 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டு, நகரத்துச் சர்க்கரை நோய் பயம் எல்லாம் சேர்ந்து ஏற்றிய விலை அது. அதை இந்த ஆய்வின் கணக்கில் வரவு வைப்பது நேர்மையில்லை. மழை பொய்க்கும் வருடத்துக்கென்று ஒரு ரகத்தைப் பானையில் போட்டு வைத்திருப்பதற்கோ சந்தையில் விலையே கிடையாது.

ஜனவரி 23
ஒரே எண் தர முடியாது என்று பணம் கொடுப்பவர்களுக்கு எழுதிவிட்டேன். மூன்று அட்டவணை தருகிறேன்: ரகவாரியாக நிலம், வீட்டில் சாமை சமைக்கும் நாட்கள், உமி நீக்கச் செலவாகும் பெண்களின் நேரம். மூன்றாவது எதற்கு என்று கேட்டுப் பதில் வந்திருக்கிறது. திங்களன்று போனில் பேச வேண்டும். அதற்குள் எந்தெந்த ஊரில் இயந்திரம் எந்த வருடம் வந்தது, எப்போது நின்றது என்று விசாரித்து எழுதியாக வேண்டும்.